கோல்டு ரூம் குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

"அண்ணே, கேஸ் கம்மியாயிடுச்சு போல, வந்து ஏத்தி விட்டுடுங்க." கோல்டு ரூம் வைத்திருப்பவர்கள் போன் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் கதவு ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது வெளியே சூட்டைத் தள்ளுகிற கண்டென்சரில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருக்கும், அல்லது முந்தின நாள் ராத்திரி அரை டன் சரக்கை வெயில் சூடு ஆறாமல் அப்படியே உள்ளே தள்ளியிருப்பார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அதற்கு நீங்கள் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இது கறிக்கடை, மீன்கடை, ஹோட்டல், ஐஸ்கிரீம் ஏஜென்சி, மண்டபத்துச் சமையல்கட்டு போன்ற இடங்களில் இருக்கும் பஃப் பேனல் (நடுவில் ஃபோம் வைத்த தகடு) ரூம்களுக்காக எழுதியது. சில்லர் என்றால் 0 முதல் 4 டிகிரி, பிரீசர் என்றால் மைனஸ் 18. அமோனியாவில் ஓடும் பெரிய கிடங்குகளுக்கு இது பொருந்தாது, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கை வைக்க வேண்டும்.

எதையும் கழற்றும் முன்

முதலில் டிஸ்பிளேயை நம்பாதீர்கள். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அது சரியா என்று பார்க்க ஒரு டம்ளர் நிறைய ஐஸைப் பொடித்துப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, நடுவில் முனையை வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் அந்த 2-ஐ மனதில் கழித்துக்கொள்ளுங்கள். சில்லர் என்றால் ரூமின் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முனையைப் போட்டு வைத்துப் பாருங்கள், ஏனென்றால் காற்றின் அளவு கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏறி இறங்கும், சரக்கின் சூடு அவ்வளவு வேகமாக மாறாது. பிரீசரில் இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே செருகுங்கள். சரக்கு மைனஸ் 18-இல் நன்றாகவே இருக்க, சென்சார் கதவுப் பக்கம் மாட்டியிருந்ததால் மைனஸ் 9 என்று காட்டி மெஷினை ராப்பகலாக ஓட்டிக்கொண்டிருந்த ரூமும் பார்த்திருக்கிறேன். சென்சார் ஐஸுக்குள் புதைந்து போய், சரக்கு இளகிக்கொண்டிருக்கும்போது மைனஸ் 20 என்று காட்டியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் ஆபத்து.

அடுத்தது, உள்ளே போகும் முன் கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று பாருங்கள். வெளியே பூட்டுப் போட்டிருந்தாலும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். ஃபேன், ஹீட்டர் எதைத் தொடுவதாக இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டுத் தொடுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இது.

எல்லாம் ஓடுகிறது, ரூம் மட்டும் இறங்கவில்லை

முதல் கேள்வி: நேற்று உள்ளே என்ன வந்தது, எவ்வளவு, எத்தனை டிகிரியில்? இதைக் கேட்காமல் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுகிறவர் பாதிப் பிரச்சினையைத் தவற விடுகிறார்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு டன் காய்கறியை 30 டிகிரியிலிருந்து 4-க்கு இறக்க ஏறக்குறைய 28 கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். பத்து மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் 2.8 கிலோவாட், அதாவது முக்கால் டன் ஏசிக்குச் சற்று மேல், சரக்குக்கு மட்டும். சுவர் வழியாக வருகிற சூடு, கதவு வழியாக வருகிற சூடு, ஃபேன் மோட்டார், பல்பு, உள்ளே நிற்கிற ஆள், காய்கறி மூச்சு விடுவதால் வருகிற சூடு எல்லாம் தனி. இப்போது மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் மீனை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குக் கொண்டு போக ஏறக்குறைய 105 கிலோவாட்-மணி. அதில் 70 போல மீனுக்குள் இருக்கும் தண்ணீரை ஐஸாக்குவதற்கே போய்விடும். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்வதற்கு எவ்வளவு சூட்டை எடுக்க வேண்டுமோ, அதைப் போல 80 மடங்கு எடுத்தால்தான் அது உறையும்.

இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பிரீசர் ரூம் என்பது ஏற்கெனவே உறைந்த சரக்கை அப்படியே வைத்திருக்கக் கட்டியது. உறைய வைப்பதற்கு பிளாஸ்ட் பிரீசர் என்று தனி மெஷின் இருக்கிறது. உறையாத மீனை மைனஸ் 18 ரூமில் அடுக்கினால் அது மெதுவாக உறையும், மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பெரிய ஐஸ் ஊசிகள் உண்டாகிச் சதையைக் கிழிக்கும், வெளியே எடுத்து இளக வைத்ததும் தண்ணீர் விட்டு மீன் தொளதொளவென்று ஆகிவிடும். அது மட்டுமில்லை, பக்கத்தில் நன்றாக உறைந்திருந்த சரக்கும் சூடேறும். சாம்பார் அண்டாவைச் சூட்டோடு சில்லருக்குள் தள்ளுகிற சமையல்கட்டிலும் இதே கதைதான். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டு ஆற்றி, அகலமான ஆழமில்லாத டிரேக்களில் பிரித்து ஊற்றிவிட்டு உள்ளே வையுங்கள்.

சரக்கில் குற்றமில்லை என்றால் அடுக்கியிருக்கும் விதத்தைப் பாருங்கள். சுவரிலிருந்து நான்கு விரற்கடை, தரையிலிருந்து ஒரு பேலட் உயரம் விட்டிருக்க வேண்டும். உள்யூனிட்டின் காற்று வரும் வாய்க்கு முன்னாலும் பின்னாலும் பெட்டி நிற்கக் கூடாது. கூரை வரை அடுக்கினால் காற்று முதல் வரிசையிலேயே முட்டித் திரும்பிவிடும், கடைசி வரிசையில் இருப்பது வெந்துகொண்டிருக்கும்.

அப்புறம் உள்ளே ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா, காயிலில் (உள்யூனிட்டில் குளிர் தரும் குழாய்ச் சுருள்) ஐஸ் கட்டியிருக்கிறதா, வெளியே கண்டென்சர் சுத்தமா, கதவு மூடுகிறதா. இத்தனையும் பார்த்த பிறகுதான் கேஜ்.

கேஜ் மாட்டுகிறவர்களுக்காக ஒரு அளவு: ஆர்-404ஏ கேஸ், மைனஸ் 18 ரூம் என்றால் காயிலுக்குள் கேஸ் மைனஸ் 25 அளவில் கொதிக்க வேண்டும். அப்போது சக்ஷன், அதாவது கம்பிரசர் கேஸை இழுக்கிற பக்கத்து அழுத்தம், 20, 22 பி.எஸ்.ஐ. பக்கத்தில் நிற்கும். 10, 12-க்கு இறங்கி, சைட் கிளாஸில் (குழாயில் இருக்கும் கண்ணாடிச் சாளரம்) விடாமல் குமிழி ஓடி, உள்ளே காயிலில் கேஸ் நுழைகிற முனையில் மட்டும் வெள்ளைப் பனி பிடித்து மீதி காயில் காய்ந்து கிடந்தால், காயிலுக்குக் கேஸ் போதவில்லை. ஆனால் அதுவும் உடனே "கசிவு" என்று ஆகிவிடாது. குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் இரண்டு பக்கமும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வெதுவெதுப்பும் மறுபக்கம் சில்லென்றும் இருந்தால் டிரையர் அடைத்திருக்கிறது. அதன் மேல் கேஸ் ஏற்றினால் ஹை பிரஷர்தான் ஏறும், ரூம் குளிராது.

கசிவு என்றே முடிவானால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள், கேஸ் வெளியேறும் இடத்தில் கம்பிரசர் ஆயிலும் சேர்ந்து வரும். சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதற்கு உலர் நைட்ரஜன் மட்டும், அதுவும் ரெகுலேட்டர் மாட்டி. ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கசிவை அடைத்து, டிரையரை மாற்றி, பம்பால் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வேக்குவத்தை 500 மைக்ரானுக்குக் (வேக்குவம் கேஜில் வரும் அளவு) கீழே இறக்கிப் பம்பை நிறுத்தி அது நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் எடை போட்டுக் கேஸ் ஏற்றுங்கள். ஆர்-404ஏ ஒரு கிலோ காற்றில் போனால் 3,900 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். வருஷத்துக்கு இரண்டு முறை "டாப் அப்" செய்கிற ரூம் உங்கள் பணத்தை மட்டும் தின்னவில்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் உப்புக் காற்றில் அலுமினியத் தகடு பொடிப்பொடியாக உதிரும். புதிதாக வாங்கும்போதே கோட்டிங் போட்ட கண்டென்சரைக் கேட்டு வாங்குங்கள், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள்.

காயில் முழுக்க ஐஸ் பாறை

ஐஸ் எப்படிக் கட்டியிருக்கிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும், அதனால் தட்டி எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காயில் முழுக்க ஒரே சீராகக் கெட்டியாகக் கட்டியிருந்தால் டிஃப்ராஸ்ட், அதாவது காயில் ஐஸைத் தானாக உருக்கும் வேலை, நடக்கவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் உருகி மற்ற ஓரம் பாறையாக இருந்தால் ஒரு ஹீட்டர் செத்துவிட்டது. கதவைப் பார்த்த பக்கம் மட்டும் பஞ்சு மாதிரிப் பனி என்றால் வெளிக்காற்று அளவுக்கு மேல் வருகிறது.

ஹீட்டரைச் சோதிக்க டிஃப்ராஸ்டைக் கையால் ஓட்டிவிட்டு வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டர் போடுங்கள். 230 வோல்ட்டில் 1 கிலோவாட் ஹீட்டர் 4.3 ஆம்பியர் இழுக்கும். ஒரே வயரில் மூன்று ஹீட்டர் இருந்தால் 13 வர வேண்டும். 8.7 என்று காட்டினால் ஒன்று போய்விட்டது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஹீட்டர் நன்றாக இருந்தும் ஐஸ் உருகவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். பிரீசருக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம் என்று ஆரம்பித்து, நம் ஊர் ஈரக்காற்றுக்கும் கதவு திறக்கிற எண்ணிக்கைக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைக்கலாம். காயிலில் மாட்டியிருக்கும் சென்சார் 10 முதல் 13 டிகிரி வந்ததும் ஹீட்டரை நிறுத்த வேண்டும். அந்த சென்சார் ஹீட்டரை ஒட்டி மாட்டப்பட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் "முடிந்தது" என்று சொல்லிவிடும், ஐஸ் அப்படியே இருக்கும், மறுநாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு. சென்சாரை ஐஸ் கடைசியாக உருகுகிற இடத்தில் மாற்றிக் கட்டுங்கள்.

டிஃப்ராஸ்ட் முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் சொட்ட விட வேண்டும், அப்புறம் கம்பிரசர், காயில் மறுபடி நன்றாகக் குளிர்ந்த பிறகே ஃபேன். இந்த வரிசை பிசகினால் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீரை ஃபேன் கூரையெங்கும் தெளித்துவிடும். சில்லருக்குப் பெரும்பாலும் ஹீட்டரே தேவையில்லை, கம்பிரசரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விட்டால் ரூம் காற்றிலேயே உருகும். ஆனால் கம்பிரசருக்கு ஓய்வே கிடைக்காத அளவுக்குச் சரக்கு ஏற்றினால் சில்லரும் ஐஸ் கட்டும்.

ஐஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுக்காதீர்கள். ஒரே குத்தில் காப்பர் பைப் ஓட்டையாகிக் கேஸ் முழுவதும் போனதைப் பார்த்திருக்கிறேன். சரக்கை வேறு இடத்துக்கு மாற்றி, மெயினை இறக்கி, மோட்டாரில் படாமல் பச்சைத் தண்ணீரை ஹோஸில் அடித்து உருக்குங்கள். பொறுமைதான் வேண்டும்.

உள்யூனிட்டுக்கு அடியில் தண்ணீர், தரையில் ஐஸ்

டிரெயின் பைப். பிரீசருக்குள் ஓடுகிற பைப் முழுவதும் ஹீட்டர் வயரும் அதன் மேல் இன்சுலேஷனும் இருக்க வேண்டும், சரிவு தாராளமாக இருக்க வேண்டும், முடிந்தவரை சீக்கிரம் சுவரைத் தாண்டி வெளியேற வேண்டும். தண்ணீர் தேங்கும் வளைவு ரூமுக்கு வெளியேதான். உள்ளே வைத்தால் உறைந்து அடைக்கும். வளைவே இல்லாவிட்டால் அந்தப் பைப் வழியாக வெளியே இருக்கும் ஈரக்காற்று உறிஞ்சப்பட்டு டிரேயில் பனியாகப் படியும், அது வருகிற வழி தெரியாமல் பல பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். இரண்டு உள்யூனிட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு வையுங்கள். கறி, மீன் ரூம்களில் கொழுப்பும் செதிலும் அடைப்பதும் உண்டு, அதற்கு வாரம் ஒரு முறை வெந்நீர் ஊற்றினால் போதும்.

கூரையில் பனி, கதவைச் சுற்றி ஐஸ், கதவு திறக்கவில்லை

காற்றோடு வருகிற ஈரம் முதலில் எங்கே சில்லென்று படுகிறதோ அங்கே உட்காரும். ஆகவே பனி இருக்கிற இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் காற்று நுழைகிற வழி கிடைக்கும்.

கதவு ரப்பரைச் சோதிக்க பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள், ரப்பர் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை. கதவின் நான்கு பக்கமும், முக்கியமாக அடிப்பக்கம் செய்து பாருங்கள், தள்ளுவண்டி இடித்து அடி ரப்பர்தான் முதலில் போகும். இன்னொரு வழி: உள்ளே ஒருவர் பிரகாசமான டார்ச்சோடு நிற்க, வெளியே விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். உள்ளே நிற்பவரிடம் கைப்பிடி வேலை செய்கிறது என்று காட்டிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

பிரீசர் கதவின் சட்டத்துக்குள் ஒரு ஹீட்டர் வயர் ஓடும். "கரண்ட் வீண்" என்று அதை அறுத்துவிட்ட ரூம்கள் உண்டு. அறுத்த பிறகு ரப்பர் சட்டத்தோடு உறைந்து ஒட்டும், கதவை இழுக்கும்போது கிழியும், கிழிந்த வழியாக ஈரம் வரும், ஈரம் காயிலில் ஐஸாகும், அதை உருக்க டிஃப்ராஸ்ட் ஹீட்டர் கூடுதலாக ஓடும். சிறிய வயரின் செலவை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய ஹீட்டருக்குக் கொடுக்கிறோம்.

கதவை மூடிய உடனே மறுபடி திறக்க முடியாமல் இறுக்கமாகி, ஒரு நிமிடம் கழித்துச் சுலபமாகத் திறக்கிறது என்றால் அது வேறு விஷயம். உள்ளே போன வெளிக்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் ஒரு சதவீதம் குறைந்தாலே ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம் வைத்தது போலக் கதவை வெளிக்காற்று அழுத்தும். இதற்காகத்தான் பிரீசர் சுவரில் ஹீட்டரோடு ஒரு சின்ன காற்றுத் துவாரம் வைக்கிறார்கள். அந்த ஹீட்டர் செத்தால் துவாரம் ஐஸால் அடைபடும். அடைபட்ட பிறகும் அப்படியே ஓட்டினால் பேனல் இணைப்புகள் விரியும், பெரிய ரூம்களில் பேனலே உள்வாங்கும். துவாரம் இல்லாமலே கட்டிக் கொடுத்த பிரீசர்களும் இருக்கின்றன. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பட்டைத் திரையைத் தூக்கிக் கட்டி வைக்காதீர்கள். கூப்பிட்ட இடத்திலெல்லாம் அது கயிற்றால் ஓரமாகக் கட்டப்பட்டுத்தான் கிடக்கிறது. பிரீசருக்குக் குளிரில் விறைக்காத ரகம் தனியாகக் கிடைக்கும், சாதாரணப் பட்டை விறைத்து முகத்தில் அடிப்பதால்தான் வேலையாட்கள் கட்டி வைக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, பட்டையை மாற்றுங்கள்.

கம்பிரசர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆன், ஆஃப்

இதை விட்டு வைக்கவே கூடாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஆயிலும் கம்பிரசரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

எது நிறுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். ஹை பிரஷர் கட் (அழுத்தம் அளவு மீறினால் நிறுத்தும் சுவிட்ச்) என்றால் கண்டென்சர் பக்கம் போங்கள். லோ பிரஷர் கட் என்றால் காயில் ஐஸ், ஃபேன் ஓடாதது, கேஸ் குறைவு, டிரையர் அடைப்பு. ரூம் செட் அளவுக்கு வந்த பிறகும் கம்பிரசர் சும்மா சும்மா எழுந்து சில நொடி ஓடி நிற்கிறது என்றால், காயிலுக்குப் போகும் கேஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது கம்பிரசருக்குள் வால்வுத் தகடு கசிகிறது. சோலினாய்டுக்கு முன்னால் இருக்கும் கை வால்வை மூடிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சோலினாய்டு.

மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே தட்டுகிறது என்றால் மூன்று ஃபேஸையும் அளக்க வேண்டும். உதாரணமாக 410, 400, 390 என்று வந்தால் சராசரி 400, அதிகபட்ச வித்தியாசம் 10, அதாவது 2.5 சதவீத ஏற்றத்தாழ்வு. அந்த எண்ணைத் தன்னால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் மோட்டார் சுருளின் சூடு எவ்வளவு சதவீதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும்: இங்கே 12.5. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கே இவ்வளவு. ஒரு ஃபேஸ் முழுதாகப் போனால் சொல்லவே வேண்டாம், ஃபேஸ் போனால் நிறுத்தும் ரிலேயும், கரண்ட் வந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் காக்க வைக்கும் டைமரும் இல்லாத பேனல் போர்டை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. கம்பிரசர் விலையோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமே இல்லை.

காலையில் நன்றாக இருக்கிறது, மத்தியானம் ஏறுகிறது

கண்டென்சர். வெளியே 38 டிகிரி வெயில் என்றால் சுத்தமான கண்டென்சர் கேஸை 50 டிகிரி பக்கத்தில் திரவமாக்கும், ஆர்-404ஏ கேஜில் 320 பி.எஸ்.ஐ. வாக்கில் நிற்கும். 380, 400 என்று காட்டினால் சூடு வெளியேறவில்லை. தகடுகளுக்கு நடுவே தூசி, இறகு, பஞ்சு. காற்று வருகிற திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், அதிக அழுத்தத்தில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

கழுவியும் குறையவில்லை என்றால் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில், தகரக் கொட்டகைக்குள், இரண்டு யூனிட்டை முகத்துக்கு முகம் பார்க்க வைத்து... தான் விட்ட சூட்டையே தான் இழுக்கிற யூனிட்டை எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது, தூக்கி வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும். பின்னால் காற்று இழுக்க ஒன்றரை அடி, முன்னால் தடையே இல்லாத வெளி, மேலே வெயில் மறைக்க உயரமான பந்தல். கட்டடம் கட்டும்போதே யோசிக்க வேண்டிய விஷயம், ஆனால் அப்போது யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை.

கொஞ்ச நேரம் குளிர்கிறது, நின்றுவிடுகிறது, தானாகவே மறுபடி குளிர்கிறது

சக்ஷன் கேஜ் திடீரென்று வேக்குவத்துக்குப் போகிறதா? காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைப் போடுங்கள். உஸ் என்று சத்தம் வந்து கேஜ் ஏறினால் குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறது. அந்த ஒரு சொட்டு வால்வின் ஊசித் துவாரத்தில் உறைந்து அடைக்கிறது, மெஷின் நின்று சூடேறியதும் உருகி வழி விடுகிறது. யாரோ வேக்குவம் போடாமல் கேஸ் ஏற்றியதன் விளைவு பெரும்பாலும் இதுதான். இப்போதைய ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும், குழாயைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. கேஸை மீட்டெடுத்து, டிரையரை மாற்றி, நைட்ரஜன் விட்டு, ஆழமாக வேக்குவம் போட்டுப் புதிதாக ஆரம்பிப்பதைத் தவிர வழியில்லை.

பேனல் வியர்க்கிறது, தரை எழும்புகிறது

பேனலின் வெளிப்புறத்தில் ஒரே இடத்தில் தண்ணீர் துளிர்த்தால் அங்கே இன்சுலேஷன் போய்விட்டது, அல்லது இணைப்பு விட்டிருக்கிறது. வெளிப்பக்கம் பழைய சிலிக்கானைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பைப்பும் வயரும் நுழைகிற துளைகளை ஃபோம் அடித்து மூடுங்கள். ஈரம் எப்போதும் வெளியிலிருந்துதான் உள்ளே தள்ளப்படும், ஆகவே அடைப்பும் வெளிப்பக்கம் பலமாக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் பூசினால் ஈரம் ஃபோமுக்குள் தங்கி ஐஸாகும், நாளாக நாளாகப் பேனல் கனத்து இன்சுலேஷன் செத்துப்போகும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சில்லருக்கு 80 மி.மீ., பிரீசருக்கு 100-க்குக் குறையாமல், முடிந்தால் 120 அல்லது 150 போடுங்கள். பேனலுக்குக் கொடுப்பது ஒரே முறை.

தரை எழும்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பழுது, ஏனென்றால் ரூமைப் பிரிக்காமல் அதைச் சரி செய்ய முடியாது. பிரீசரை மண் தரையின் மேல் போட்ட கான்கிரீட்டில் நேராக உட்கார வைத்தால், குளிர் இன்சுலேஷனைத் தாண்டி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வருஷக்கணக்கில் மண்ணிலிருக்கும் ஈரத்தை உறைய வைக்கும். அந்த ஐஸ் கீழிருந்து மேலும் ஈரத்தை இழுத்து வளர்ந்து தரையைத் தூக்கும். கதவு உரசுவதுதான் முதல் அறிகுறி. கீலைத் தூக்கி மாட்டி, கதவின் அடியைச் செதுக்கி ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், ஒரு நாள் தரை வெடிக்கும். கட்டும்போதே தரைக்கும் இன்சுலேஷன் போட்டு, அதற்கு அடியில் வெளிக்காற்று ஓடும் பி.வி.சி. பைப் வரிசையோ ஹீட்டர் வயரோ விட்டால் இது வராது. பைப் இருக்கிறவர்கள் அதன் இரு வாயிலும் மண்ணும் எலிக்கூடும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகிரி சரி, சரக்கு கெடுகிறது

மெஷின் மேல் குற்றமில்லை. வாழைக்காயை 13 டிகிரிக்குக் கீழே கொண்டு போனால் தோல் கறுக்கும், அப்புறம் சரியாகப் பழுக்காது. தக்காளியும் 10-க்குக் கீழே நாளாக வைத்தால் ருசி போய் மெத்தென்று ஆகும். கீரைக்கும் கேரட்டுக்கும் 2 டிகிரி நல்லது. ஆக எல்லாவற்றையும் ஒரே ரூமில் 4 டிகிரியில் வைத்தால் யாருக்கோ ஒருவருக்கு நஷ்டம். பழுக்கிற பழங்கள் விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கிவிடும், அதனால் பிரித்தே வையுங்கள்.

கீரை, கறி எல்லாம் காய்ந்து எடை குறைகிறது என்றால் காயில் சின்னது. ரூமுக்கும் காயிலுக்கும் 5, 6 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஈரம் தங்கும், 10-க்கு மேல் போனால் காயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செட் செய்து சரியாக்க முடியாது, பெரிய காயில்தான் பதில். ஐஸ்கிரீம் நறநறவென்று ஆனால் ரூம் ஏறி இறங்குகிறது, மேலே சொன்ன டிஃப்ராஸ்டையும் கதவையும் பாருங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நின்றுவிட்டால்

கதவைத் திறந்து பார்க்காதீர்கள். முழுதாக நிரம்பிய பிரீசர் கதவு மூடியே இருந்தால் பல மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நேரம் குறையும். மெயின், மூன்று ஃபேஸ், ஓவர்லோடு ரிலே, ஹை பிரஷர் கட் நான்கையும் வெளியிலிருந்தே பாருங்கள். ஹை பிரஷர் தட்டியிருந்தால் ஒரு முறை ரீசெட் செய்யலாம். மறுபடி தட்டினால் விட்டுவிடுங்கள், மூன்றாவது நான்காவது முறை அழுத்தித்தான் கம்பிரசரை எரித்துவிடுகிறார்கள். கண்டென்சர் ஃபேன் நின்றிருந்தால் மெக்கானிக் வரும் வரை ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்துத் தாக்குப்பிடிக்கலாம். சில்லர் என்றால் பாலையும் கறியையும் மீனையும் முதலில் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள்.

நின்ற நேரத்தையும் அப்போது சரக்கு எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுதுங்கள். தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் அந்த நோட்டில் டிகிரி எழுதுகிற பழக்கம் இருந்தால், மெக்கானிக் வந்ததும் முந்தின பத்து நாளையும் புரட்டிப் பார்ப்பார். மைனஸ் 18, மைனஸ் 17.5, மைனஸ் 17 என்று மெல்ல ஏறி வந்திருந்தால் ஐஸ், தூசி, கசிவு. நேற்று வரை மைனஸ் 18 இருந்து இன்று மைனஸ் 6 என்றால் மின்சாரம், ஃபேன், வால்வு. அதை வைத்தே எந்தப் பக்கம் முதலில் கை வைப்பது என்று முடிவு செய்துவிடலாம். இளகிய கறியோ மீனோ எவ்வளவு நேரம் 5 டிகிரிக்கு மேல் இருந்தது என்று தெரியாவிட்டால், மறுபடி உறைய வைத்து விற்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.